கெங்குவார்பட்டியிலிருந்து அர்ச்சுனாபுரம் வரை

கொடைக்கானல் மலை தன் தெற்குச் சரிவை முடித்துக்கொண்டு சமவெளியில் காலூன்றுகிற இடத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மேல், கெங்குவார்பட்டி இருக்கிறது. மலைவாசம் நாடிச் செல்கிறவர்கள் ஊரை நெருங்குமுன்பே காட்ரோட்டில் திரும்பிவிடுகிறார்கள். தேனிக்கும் கம்பத்துக்கும் செல்கிறவர்களோ ஜன்னல் வழியே ஒரு தேநீர்க் கடையையும் சில புளிய மரங்களையும் கண்டதோடு கடந்துவிடுகிறார்கள். எனவே பிரயாணிகளின் பார்வையில் அதிகம் படாமலே, மாந்தோப்பும் மலைக்காற்றுமாக அது தன் போக்கில் வாழ்ந்துவருகிறது. அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எழுபது வயதைத் தாண்டிய பின்னும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூரதேசம் போய்வரக் கூடிய திடகாத்திரம் உடையவர். அவருடைய வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் மாலை எழுந்த கேள்வி ஒன்றுதான் இந்தப் பிரயாணத்துக்குக் காரணம்.

மதுரையில் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். 1958-ல் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற மூவர் குழு பாடி, அமெரிக்கா முழுவதும் முணுமுணுத்த பாட்டு அது. தூக்குமரத்தின் நிழலில் நிற்கும் டாம் டூலி என்ற வாலிபனைப் பற்றியது. மெட்டு இனிமையானது, விஷயம் கொடியது. வட கரோலினாவில், நம் கெங்குவார்பட்டியைப் போலவே மலையடிவாரத்தில் உள்ள வில்க்ஸ் என்ற வட்டாரத்தில், உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாயான டாம் டூலா, 1866-ல் லாரா ஃபாஸ்டர் என்ற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்று புதைத்துவிட்டான் என்று குற்றம் சாட்டப்பட்டான். மாநிலத்தின் முன்னாள் கவர்னரான ஸெபுலன் வான்ஸே அவனுக்காக வாதாடியும் பயனில்லாமல் போயிற்று; 1868 மே முதல் தேதி ஸ்டேட்ஸ்வில் என்ற ஊரில் அவன் தூக்கிலிடப்பட்டான். ஆன் மெல்ட்டன் என்ற இன்னொரு பெண்ணுக்கும் அந்தக் கொலையில் பங்குண்டு என்று ஊரார் நம்பினார்கள். ஆனால் குற்றம் தன் ஒருவனுடையதே என்று டூலா கடைசி நேரத்தில் எழுதிவைத்தபடியால் அவள் விடுதலை பெற்றாள். ஊர்ப் பாணர்கள் வாயில் அறுபது எழுபது ஆண்டு உலவியபின் அந்தப் பாட்டு இசைத்தட்டில் ஏறிற்று. அதற்கு முப்பது ஆண்டு கழித்து உலகெங்கும் பரவிற்று.

இந்தக் கதையைப் பேரன் சொல்லச் சொல்ல, பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆசிரியருடைய தாயார் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அது சரி, செத்துப்போன அந்தப் புள்ளைக்குக் கோயிலு கீயிலு எதுவும் கட்டியிருக்காகளா?”

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டில் லாரா ஃபாஸ்டருக்குக் கோயில் இல்லாததோடு, உலகம் அறிந்த அந்த வடிவத்திலே அவளுடைய பெயர்கூட இல்லை. கொன்றவன் பெயர் பல்லவியில் மீண்டும் மீண்டும் வருகிறது. பிடித்துக்கொடுத்த கிரேசன் என்பவர் பெயரும் வருகிறது. கொலையுண்டவள் ‘அவள்’ என்ற அளவோடு மறைந்துபோகிறாள். போதாக்குறைக்கு, தப்பி ஓடிய டூலாவை வேலைக்கு வைத்துக்கொண்டு, பின்பு அவனைப் பிடிக்க உதவிய டென்னஸிக்காரராகிய கிரேசன், கேட்பவர்கள் மனத்தில் காதலுக்குப் போட்டியாளராகவே மாறிவிட்டார். நியாயஸ்தலத்தின் தீர்ப்பைப் பாட்டு தன் இஷ்டம்போல் திருத்தி எழுதிவிட்டது.

கிழவியின் கேள்விக்குப் பின்னால் நம்முடைய தேசத்து வழக்கம் முழுவதும் இருந்தது. அகால மரணம் அடைந்தவர்களை, அதிலும் அநியாயமாய் மாண்டவர்களை, நம் ஜனங்கள் பாடிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. பீடம் போட்டுப் படையல் வைக்கிறார்கள். பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியக் குலத்துச் சகோதரிகளை மணந்து, மாட்டுத் திருடர்களோடு போரிட்டு மடிந்த பிராமணனான முத்துப்பட்டன், பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையன் கோயிலில் இன்றும் பூஜை பெறுகிறான். கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொண்டாலும், அதன் தென்கோடியில் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், சித்ரா பௌர்ணமியன்று ஒரு நாள் மட்டும் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து வழிவிட, ஜனங்கள் மூச்சிரைக்க ஏறிச் செல்லும் மங்கலதேவி கோட்டம் யாருக்காக இருக்கிறது? அரசன் தவறாகக் கொல்வித்த ஒருவனுடைய மனைவிக்காக.

“நல்லதங்காளுக்கும் கோயில் இருக்குல்ல, அர்ச்சுனாபுரத்துல? அந்தக் கிணறும் இருக்குன்னு சொல்லுவாக. நான் பார்த்ததில்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்கய்யா” என்றார் அந்த அம்மாள். ஆசிரியர் அன்றிரவே பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்துவிட்டார்.

மறுநாள் விடிகாலையில் புறப்பட்டோம். தேவதானப்பட்டியைக் கடக்கும்போது ஆசிரியர் மஞ்சளாற்றங்கரையிலுள்ள மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்குத்தான் தீபாராதனை. அடைத்த கதவைப் பற்றிய பேச்சு, எதிர்பாராத வகையில், எங்களை நேரே நல்லதங்காள் கதைக்குள் கொண்டுபோய் விட்டது.

கதை தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? ஆயினும் அதன் கட்டுக்கோப்பை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது அவசியம். அர்ச்சுனாபுரத்து நல்லதம்பியின் தங்கை நல்லதங்காள். மானாமதுரையை ஆண்ட காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு குழந்தைகளுக்குத் தாயானவள். பன்னிரண்டு வருஷம் மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. வாழ்ந்து கெட்டவர்கள் உறவினர் வாசலில் போய் நிற்கலாகாது என்று கணவன் தடுத்தும், பிள்ளைகளின் பசி பொறுக்காமல் அவள் அண்ணன் வீட்டுக்குப் புறப்படுகிறாள். அண்ணனோ வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி, வருகிறவர்களைத் தூரத்தில் கண்டதும் கதவை அடைத்துவிடுகிறாள். தான் பத்தினியானால் கதவு திறக்கட்டும் என்று நல்லதங்காள் சொல்ல, கதவு திறக்கிறது. நல்ல தானியத்தையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, கொஞ்சம் கேழ்வரகும், எரியாத பச்சை விறகும், உடைந்த சட்டியும் எடுத்துப்போடுகிறாள் அண்ணி. காய்ச்சிய கூழும் பிள்ளைகள் வாய்க்குள் போகவில்லை. அவமானம் தாங்காமல் அந்தத் தாய் காட்டுக்குள் நடந்து, பாழுங்கிணறு ஒன்றைக் கண்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாய் எடுத்து அதில் போடுகிறாள். மூத்தவன் ஓடுகிறான், கெஞ்சுகிறான். அவனையும் பிடித்து இழுத்துவந்து தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள். பின்பு அண்ணன் வருகிறான், அலறுகிறான், மனைவியைக் கொன்று பழிதீர்க்கிறான், தானும் மாள்கிறான். முடிவு அச்சிலும் வாயிலும் பலவாறாக வேறுபடும். பரமசிவன் எழுந்தருளி மாண்டவர்களை எழுப்புவதாகச் சொல்வதும் உண்டு.

இந்தக் கதையைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றவை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள். கண் மங்கியவர்களும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் வாசிக்கத் தக்கபடி தடித்த அச்சில், மட்டமான காகிதத்தில், சென்னைப் பதிப்பாளர்கள் அவற்றை வெளியிட்டார்கள். அட்டையில் நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் பெயரைப் போட்டிருப்பார்கள். பாட்டைப் படிக்கிற எவனும் அதை நம்பமாட்டான். ஆனால் பெயரில்லாத பாட்டுக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்ற அந்த ஆசையில் ஒரு மரியாதையும் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்ஸிஸ் சைல்டு, ஆங்கில, ஸ்காத்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐத் தொகுத்து, 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்டபோது, அவற்றுக்கு எண் கொடுத்தாரேயன்றி ஆசிரியரைக் கற்பிக்கவில்லை. நம் நாட்டில் அந்தக் காரியத்தைச் சிரமேற்கொண்ட பேராசிரியர் நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையையும் காத்தவராயன் கதையையும் ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, இவை பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் சற்று வெட்கப்படும்படி ஆயிற்று.

தேனியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். போடியிலிருந்து மதுரைக்கு ஓடிய பழைய ரயிலைப் பற்றி ஆசிரியருக்கு நினைவு வந்தது. 1950-களில், அவர் சிறுவராயிருந்த காலத்தில், அந்த வண்டியில் டேப் அடித்துக்கொண்டு ஒருவன் ஏறுவானாம், கையில் கொலைச்சிந்துப் புத்தகக் கட்டு, எட்டுப் பக்கம், விலை காலணாவோ அரையணாவோ. பாதிக் கொலையைப் பாடி, கத்தி ஓங்கிய இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியைப் புத்தகத்தில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுவானாம். பத்திரிகை போகாத ஊர்களுக்கு நீதிமன்றச் செய்தியைக் கொண்டுபோனவன் அவனே. அமெரிக்கப் பாட்டுக்கு நேரான உடன்பிறப்பு நம்மிடம் எது என்று கேட்டால், வடிவத்தாலும் வியாபாரத்தாலும் இந்தக் கொலைச்சிந்தையே நான் சொல்வேன். சென்னையின் குஜிலிக் கடைகளில் பிறந்த இந்தச் சிறு நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நல்ல நூல் எழுதியிருக்கிறார்; ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

கொலைச்சிந்து என்றதும் அந்தத் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது ஆளவந்தார் கொலைதான். 1952 ஆகஸ்டில், சென்னையில் பேனா வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் என்பவர் காணாமற் போனார். ராமேசுவரம் திசை செல்லும் போட் மெயிலில் நாறிய ஒரு பெட்டியைத் திறந்தபோது தலையில்லாத உடல் கிடைத்தது. தலை பின்னால் ராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. தாமே ஓர் எழுத்தாளருமாகிய நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் வழக்கை விசாரித்து, குற்றம் சாட்டப்பட்ட ஆணுக்கு ஏழு வருஷமும் அவன் மனைவிக்கு மூன்று வருஷமும் தண்டனை விதித்தார். இறந்தவருடைய நடத்தையே அத்தனைக்கும் காரணம் என்ற அபிப்பிராயம் அன்று ஊரில் பரவியிருந்தது. பெட்டியைத் திறந்த ஸ்டேஷன் எது தெரியுமோ? மானாமதுரை, காசிராசன் ஆண்ட அதே மானாமதுரை. இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நூறு பக்கக் கட்டுரை ஒன்று எழுதிவிடுவார் போலிருந்தது.

ஆனால் கொலைச்சிந்துகள் மறைந்துவிட்டன, நல்லதங்காள் மறையவில்லை. 1935-லேயே அது தமிழில் படமாயிற்று. 1950-ல் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘நல்ல தங்க’ என்ற பெயரில் வந்து, பாடகர் யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப் அதில் நடித்தார். நாலைந்து பிள்ளைகளோடு வெயிலில் நடக்கும் ஏழைத் தாயைக் கண்டால் இன்றும் நம் கிழவிகள் ‘நல்லதங்கா மாதிரி’ என்கிறார்கள். காலணாப் பாட்டு ஒரு தலைமுறையோடு போக, பாழுங்கிணற்றுப் பாட்டு ஏன் நிலைத்தது என்பதே, ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து பஸ் இறங்கும்போது எங்களுக்குள் நடந்த தர்க்கம்.

ஆசிரியர் அதற்குக் காரணம் பஞ்சம் என்றார். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது ஜனங்கள் அதைக் கும்மியாகவே பாடினார்கள். அந்தப் பஞ்சத்தின் நெருக்கடிதான் நெடுநாள் காகிதத்தில் உறங்கிய பெரியாற்று அணைத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது. 1895-ல் பென்னிகுயிக் மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியபின்தான் கம்பம் பள்ளத்தாக்கு இன்றைய பச்சையைக் கண்டது. பசித்து இறந்தவர்களின் பேரக்குழந்தைகள் நல்லதங்காளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக எண்ணினார்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவல்ல என்பது என் துணிபு.

பாட்டு குற்றவாளியாக நிறுத்துவது யாரை என்று கவனியுங்கள். ஏழு குழந்தைகளைக் கையால் தூக்கிப் போட்டவள் தாய். பெயரளவில் கொலை அவளுடையது. ஆனால் பாட்டைக் கேட்டு எவரும் அவளைக் கொலைகாரி என்று சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் குடிகளுக்குக் கஞ்சித்தொட்டி திறக்காத அரசனான காசிராசனைப் பாட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. தங்கை வருகிற நாளில் வேட்டைக்குப் போன அண்ணனைக் குறை கூறுவதில்லை. அவன் வீட்டில் தங்கைக்கு உரிமை என்று ஒரு பிடி மண்ணும் இல்லாமல், அவன் மனசில் உள்ள பட்சத்தை மட்டும் நம்பி அவள் நடந்து வரவேண்டியிருந்ததே, அந்த ஏற்பாட்டைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. மழை, ராஜ்யம், சொத்து, புருஷன், சகோதரன் ஆகிய அத்தனை பேருடைய குற்றமும் திரண்டு, பானைக்குள் அரிசியை ஒளித்த ஒரே ஒரு பெண்ணின் தலையில் வந்து இறங்குகிறது. அலங்காரி கெட்டவள்தான், நான் அவளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவளும் வேறொரு வீட்டிலிருந்து வந்தவள். பஞ்சம் அவளுடைய களஞ்சியத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது என்பதைப் பாட்டு கேட்பவர் நினைக்க இடம் கொடுப்பதில்லை. டூலாவின் பாட்டு செத்தவளை மறந்ததன் மூலம் தவறிற்று. நம்முடைய பாட்டு செத்தவளைத் தெய்வமாக்கிவிட்டு, பழியை மிக எளிதான இடத்தில் வைத்ததன் மூலம் தவறிற்று. நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. நாடே கொண்டாடிய தியாகராஜ பாகவதர்கூட லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார். பாட்டின் தீர்ப்புக்கு எந்தக் கவுன்சில் இருக்கிறது?

உசிலம்பட்டி வந்தது. அங்கே இறங்கித் தேநீர் குடித்தோம். பெண்குழந்தைகளைப் பிறந்தவுடன் மாய்க்கும் கொடுமைக்காக 1980-களில் பத்திரிகைகளில் அடிபட்ட வட்டாரம் அது. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994-ல் ‘கருத்தம்மா’ எடுத்தது அதைப் பற்றித்தான். அப்போதும் ஊரார் முதலில் கைநீட்டியது பெற்ற தாயையும், கள்ளிப்பால் கொண்டுவந்த கிழவியையும். வரதட்சிணை வாங்கியவர்கள் சாட்சிக் கூண்டுக்கும் வரவில்லை.

பேரையூர் வழியாக வத்திராயிருப்பை அடைந்தபோது உச்சிப்பொழுது. பஞ்சத்தின் கதையைத் தேடிக்கொண்டு வந்த எங்களுக்கு அந்தப் பிரதேசம் ஒரு ஏமாற்றம் என்றே சொல்லவேண்டும், அவ்வளவு செழிப்பு. மேற்கே சதுரகிரி மலை; பிளவக்கல் அணையின் தண்ணீர்; தென்னந்தோப்புக்குப் பின் தென்னந்தோப்பு; இடையிடையே நாற்றுப் பிடுங்கும் பெண்கள். அர்ச்சுனாபுரம் சிற்றூர். வழி கேட்டால் கோயிலுக்கா, கிணற்றுக்கா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கோயில் அடக்கமானது. கிணறோ, அதைவிட அடக்கமானது. ஒரு கதையின் முழுப் பாரத்தையும் தாங்குவதற்கு அது போதாது என்று முதற்பார்வைக்குத் தோன்றிவிடும். தர்க்கம் பேசிக்கொண்டு வந்த எனக்கு அங்கே ஒரு காட்சி வியப்பளித்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த பெண் ஒருத்தி, குழந்தைகளைக் கிணற்றில் தள்ளிய அந்தத் தாயினிடம், தன் குழந்தையின் காய்ச்சல் தீரவேண்டும் என்று உரக்கவே வேண்டிக்கொண்டாள். நியாய சாஸ்திரம் அறிந்தவர்களுக்கு இது முரண். அவளுக்கு முரணாகப் படவில்லை. பசியின் எல்லையைக் கண்டவளைவிடப் பிள்ளைகளின் கஷ்டம் வேறு எந்தத் தெய்வத்துக்குத் தெரியும் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க என்னால் இயலவில்லை. நான் சாலையெல்லாம் பேசிக்கொண்டு வந்த குற்றப் பட்டியலில் அவளுக்கு அக்கறையும் இல்லை. இங்கே மூளி அலங்காரிக்கு ஏதேனும் பீடம் உண்டா என்று ஆசிரியர் வேடிக்கையாகக் கேட்டதற்கு, பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர், “அவளுக்கு எதுக்குய்யா?” என்று மட்டும் சொல்லிவிட்டு மட்டையைக் கீழே போட்டார்.

திரும்பும்போது கிருஷ்ணன்கோயில் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி, மஞ்சள் பையில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நல்லதங்காளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, தானும் பிறந்த வீட்டுக்குத்தான் போய்வருவதாகச் சொன்னாள். அப்பன் விட்டுப்போன இரண்டு குறுக்கம் தோப்பில் பங்கு கேட்டு அண்ணன் மேல் வழக்குப் போட்டிருக்கிறாளாம். 1989-ல் தமிழ்நாடு சட்டம் பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்த செய்தியைப் பள்ளிக்கூட வாத்தியார் தோரணையில் என் நண்பர் விளக்கத் தொடங்கினார். அவள் அதை அவரைவிட நன்றாகவே அறிந்திருந்தாள். அந்தச் சட்டத்தில் விவாகமான வருஷத்தால் இருந்த சிக்கலையும் எடுத்துச் சொன்னாள்.

“வழக்கு எந்தக் கோர்ட்டும்மா?”

“ஸ்ரீவில்லிபுத்தூர்லய்யா.”

“அண்ணி என்ன சொல்றாங்க?” என்று ஆசிரியர் ஆவலோடு கேட்டார். கதையின் வில்லியை நேரில் காணும் பாக்கியம் கிட்டிவிட்டதாக அவருக்கு எண்ணம்.

“மதினியா? அவுகதான் எனக்குச் சாட்சி சொல்ல வாராக. அவுக பொறந்த வீட்டுலயும் இதே வழக்கு நடக்குதுல்ல, அதுக்கு நான் போகணும்” என்றாள் அவள், பையிலிருந்த வாய்தாத் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, கிருஷ்ணன்கோயில் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்பாகவே இறங்கிப் போனாள்.